ஐந்தாம் வகுப்பு விரால்

தண்ணீர் தானாக நின்றுகொண்டது என்று சொன்னபோது சிவகங்கையில் இருக்கிற என் வீட்டுக்காரரே நம்பவில்லை, முட்டிவலி மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றார், ஆனால் கொன்னையூரணியில் அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் நிற்க வேண்டிய கண்மாயில் தண்ணீர் நிற்காமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, எங்கேயாவது ஓரிடத்தில் அது நிற்கத்தானே வேண்டும், பள்ளிக்கூடத்தில் நிற்கிறதாக்கும், நின்றுவிட்டுப் போகட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, பெயர் அமலோற்பவம். தலைமை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். இரண்டு வகுப்பறை, ஒரு வராண்டா, ஒரு சத்துணவுக் கூடம், என்னையும் இளவழகன் சாரையும் விட்டால் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது. காலையில் ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ், அதற்கு மேல் கண்மாய்க் கரையில் நடை, சாயங்காலம் அதே நடை, அதே பஸ், அதே இன்னொரு பஸ். என் வீட்டுத் தெரு முனையிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மணி அடித்தால் என் அடுப்படிக்குக் கேட்கும், அங்கே மாறுதல் கேட்டு வருஷா வருஷம் கலந்தாய்வுக்குப் போவேன், வருஷா வருஷம் எனக்கு முன்னால் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போவார். அந்த இடம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், மிச்சக் காலத்தை உட்கார்ந்தே ஓட்டிவிடுவேன் என்று இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், மீன் இல்லை.

மீனைக் கொண்டுவந்தது ரெஹானா. ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் ஒரு வேனில் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினாள், ஏதோ இயற்கைச் சங்கத்துப் பெண், பார்த்தால் காலேஜ் பிள்ளை மாதிரி இருந்தாள். நம் கண்மாய்களில் இருந்த நாட்டு மீனெல்லாம் அற்றுப்போய் யாரோ கொண்டுவந்து விட்ட ஜிலேபிக் கெண்டைதான் பெருகிக் கிடக்கிறது, அதனால் பிள்ளைகள் வகுப்பிலேயே விராலும் கெண்டையும் கெளுத்தியும் வளர்த்து, மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் கொண்டுபோய் விட வேண்டும், தன் கையால் தீனி போட்டு வளர்த்த பிள்ளை நாளைக்குப் பெரியவனானாலும் கண்மாயில் குப்பை கொட்டாது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"நல்லதும்மா. தொட்டிய யாரு கழுவுறது?" என்று கேட்டேன்.

சிரித்தாள். சிரிப்பு எதற்கு என்று எனக்குத் தெரியும், பதினைந்து வகைத் திட்டம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போயிருக்கிறது, எல்லாவற்றையும் கழுவியது நான்தான்.

ஆனால் இந்தத் தடவை பிள்ளைகள் கழுவினார்கள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் அறையில்தான் உட்காரும், தொட்டியை அந்த அறை மூலையில் வைத்தோம், அன்றையிலிருந்து ஒரு பிள்ளை லீவு போடவில்லை. சத்துணவு முட்டையின் மஞ்சள் கருவை ஆளுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து, தட்டோடு வந்து வரிசையாக நின்று, தண்ணீருக்குள் கையை விட்டு, மீன் வந்து விரலில் கொத்தித் தின்னும்வரை அசையாமல் நிற்பார்கள். மற்ற நேரம் ஒரு நிமிஷம் அடங்காத கழுதைகள். ஒருநாள் விரால் ஒரு சின்னக் கெண்டையை முழுங்கிவிட்டது, வகுப்பே ஓவென்று அழுதது, அடுத்த தடவை ரெஹானா வந்தபோது புகார் சொன்னார்கள், கண்மாயும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள், அதற்கும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

இதற்கெல்லாம் தலைவி மிதுனா. ஐந்தாம் வகுப்பு, அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி, அம்மா பஞ்சவர்ணம் நூறு நாள் வேலை. ஒரு சொல்லை இரண்டாம் தடவை சொல்ல வைக்காத பிள்ளை அது. எடுத்து வை என்றால் வைப்பாள், உட்கார் என்றால் உட்காருவாள், எழுந்திரு என்று நான் சொல்ல மறந்துபோய் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்ததும் உண்டு. அந்த மாதிரிப் பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், பாவமாக இருந்தாலும் வேலையெல்லாம் அவளிடம்தான் சொல்வேன், மனுஷ புத்தி.

ஆடி மாதம் ஒரு காலையில் இளவழகன் சார் பீரோவைத் தள்ளி வைக்கிறேன் என்று தள்ள, அதன் மூலை தொட்டியில் இடித்து, கண்ணாடி நாலு பக்கமும் கழன்று விழுந்தது. தண்ணீர் விழவில்லை. தொட்டி எப்படி இருந்ததோ அப்படியே சதுரமாக, ஸ்டூல் மேல், தானாக நின்றது. உள்ளே கெண்டைகள் ஒரு தடவை கலைந்து மறுபடி கூடின. பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தது, அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. நான் முதலில் போட்ட சத்தம், "யாரும் கால வைக்காதீங்க, கண்ணாடி!" என்பதுதான், பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினேன், ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கிப் பழைய சாக்பீஸ் டப்பாவில் போட்டேன், எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது மிதுனா அந்தத் தண்ணீரின் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரமாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள். பாடத்தைத் தொடர்ந்தோம்.

கண்ணாடி போனபிறகு தண்ணீருக்கு அளவு இல்லாமல் போயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம், சாயங்காலம் மணி அடித்ததும் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைக் கீழே கொட்டாமல் செடிக்கு ஊற்ற வேண்டும், செடியெல்லாம் காய்ந்துபோன பிறகு மீனுக்கு ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மடக்கு, அரை மடக்கு, அவ்வளவுதான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் ஊற்ற ஊற்ற அது ஸ்டூலை விட்டு இறங்கி, தரையில் பரவாமல் தரையோடு நிமிர்ந்து, மூலையை நிறைத்து, பெஞ்சுகளை விழுங்கி, கார்த்திகை முடிவதற்குள் சுவரிலிருந்து சுவர்வரை வந்து, பெரியவர்களுக்கு இடுப்பும் பிள்ளைகளுக்குக் கழுத்துமான உயரத்தில், திறந்த கதவின் நிலைப்படியில் வந்து நின்றது. நிலைப்படியைத் தாண்டி ஒரு சொட்டு வரவில்லை. வடக்கே எங்கெங்கோ வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள், எங்களுக்கு அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது, வெளியே புழுதி பறந்தது, உள்ளே கெண்டை துள்ளியது. நான் கரும்பலகையை வராண்டாவுக்கு மாற்றி அங்கேயே பாடம் நடத்தினேன்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மத்தியானத்தில் பெண்கள் வந்து வராண்டாவில் அந்தத் தண்ணீருக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து, குளுகுளுவென்று இருக்கு என்று கதை பேசினார்கள், அவர்கள் பேச்சில் என் பாடம் காதில் விழாது. கல்யாணமான ஜோடி ஒன்று வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. யாரோ நிலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள், நான் அழிக்கவில்லை, வைக்கவும் சொல்லவில்லை. கல்வி அலுவலர் ஒருவர் ஜீப்பில் வந்து, வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சுவரில் இருக்கிற படங்கள் நனைந்துவிடப் போகின்றன, மேலே தூக்கி மாட்டுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு, டீ குடிக்காமல் போனார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நடுரோட்டில் காத்துக் கிடக்கிற அந்த ஊரில், ஒரு ஆள் இந்தத் தண்ணீரில் ஒரு குடம் மொள்ளவில்லை. பிள்ளைகள் வாய்வைத்துக் குடித்த மிச்சம் அது, எச்சித் தண்ணி. சோறு பொங்க ஆகாது, சாமிக்கு ஆகாது, கால் கழுவக்கூட ஆகாது என்றார்கள். அந்த ஒரு எச்சில்தான் அதை மாசிவரை காப்பாற்றியது.

பங்குனி பிறந்ததும் அம்பலம் வந்தார். எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவரை அம்பலம் என்றுதான் சொல்வது. இந்த ஊருக்கு வெள்ளைக்கண்ணு அம்பலம், நல்ல மனுஷர், பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தவர். பின்னால் நாலு பேர், முன்னால் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வாழைப்பழம். தட்டைப் பார்த்ததும் நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன், ஏனென்றால் வெற்றிலை பாக்கோடு வருகிறவர்கள் சண்டை போட முடியாத ஒன்றைத்தான் கேட்பார்கள்.

"டீச்சர், மீன்பிடித் திருவிழாவ இந்த வருஷம் இங்கதான் வைக்கணும். தண்ணிதான் எச்சி, மீனுக்கு ஏது எச்சி?"

வருஷா வருஷம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் சாமி கும்பிட்டு, அம்பலம் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீனை அமுக்குகிற ஊத்தாக்கூடையும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கும், அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்பு, யாரும் விற்க மாட்டார்கள். இருக்கிற மீனை எல்லோருமாகப் பிடித்துத் தின்று கண்மாயைக் காலி பண்ணினால்தான் வானம் அதைத் திரும்ப நிறைக்கும் என்பது அங்கே கணக்கு. கண்மாய் காய்ந்து மூன்று வருஷமாகத் திருவிழா இல்லை, திருவிழா இல்லாததால் மழை இல்லை, மழை இல்லாததால் கண்மாய் இல்லை.

"அம்பலய்யா, இது பிள்ளைக வளர்த்தது. மழை பேஞ்சா கண்மாயில விடுறதுக்கு."

"மழை பேயணும்ல டீச்சர். அதுக்குத்தான கேக்குறோம்."

"மீனப் புடிச்சுட்டா அப்புறம் எத விடுறது?"

"விடுறதுக்குக் கண்மாயில தண்ணி வேணும்ல?"

இந்தப் பேச்சு இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. நான் அதிகாரியைக் கேட்க வேண்டும் என்றேன், கேளுங்க, காத்திருக்கோம் என்று வராண்டாவிலேயே உட்கார்ந்தார்கள். அதிகாரிக்குப் போன் போட்டேன், உள்ளூர்ப் பழக்கவழக்கங்களைப் புண்படுத்தாமல் நடந்துகொள்ளுங்கள் மேடம் என்றார். ரெஹானாவுக்குப் போட்டேன், அழுதாள், அழுகிற பிள்ளையை நான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. எனக்கு அன்றைக்கு ரெண்டு முட்டியும் வீங்கியிருந்தது. அவர்களும் பொல்லாதவர்கள் இல்லை, ஆட்டை விற்று, மாட்டை விற்று, அடுத்து விற்க ஒன்றுமில்லாமல் நிற்கிறவர்கள். வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

போகிறபோது அம்பலம் திரும்பி நின்று முறையைச் சொன்னார், டீச்சர் வெளியூர் என்பதால். "கையில சிக்குனது சிக்குனவனுக்கு. அப்பனே ஆனாலும் கேட்டு வாங்கக் கூடாது. ஆனா சிக்குனதத் திரும்ப விடக் கூடாது டீச்சர். விட்டா, இருக்குறதே போதும், மழை வேணாம்னு வானத்துக்குச் சொன்ன மாதிரி."

திருவிழா அன்று வீட்டுக்கு ஒரு ஆள் என்று கணக்கு வைத்தும் அறை கொள்ளவில்லை. நனைந்து கொடியில் கிடக்கிற சேலையை விலக்கிக்கொண்டு போகிற மாதிரி, ஒவ்வொருவராக நிலைப்படியில் தண்ணீரை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். சாமி கும்பிட்டு, சங்கு ஊதி, ஒரு பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைத்து, அம்பலம் வராண்டாவில் கிடந்த என் மேஜைமேல் ஏறி நின்று துண்டை வீசுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. துண்டு அசைந்ததுதான் தாமதம், பாருங்கள், அப்படி ஒரு கும்மாளம். ஊத்தாக்கூடையை அமுக்குகிறவன், வேட்டியை வலையாக விரிக்கிறவன், எதிராளியின் காலைப் பிடித்துவிட்டு விரால் விரால் என்று கத்துகிறவன். ஆனால் ஒரு மீன் சிக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், நாலு சுவருக்குள், கண்ணுக்கு முன்னால் ஓடுகிற மீன் ஒரு ஆளுக்கும் சிக்கவில்லை.

ஏனென்றால் அது சத்துணவு நேரம். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டோடு வந்து வாசலில் வரிசையாக நின்று, வழக்கம்போல முட்டைக்கருவைக் கையில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டியிருந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை, தினமும் நடக்கிறது, நடந்தது. மீன்கள் அத்தனை காலுக்கும் கூடைக்கும் தப்பி, கூட்டமாக வாசலுக்கு வந்து, தெரிந்த கைகளில் வந்து நின்றன.

"புடிடா! டேய், புடிடா!" என்று எவளோ ஒருத்தி தன் மகனைப் பார்த்து அலறினாள்.

அவன் பிடித்துவிட்டான். அம்மா கத்தினால் பிள்ளை என்ன செய்யும்? அடுத்தவள் கத்தினாள், அடுத்தது பிடித்தது. கெண்டை, கெளுத்தி, ஆண் விரால், எல்லாம் பிள்ளைகள் கையில். "எந்தங்கம்! எஞ்சிங்கம்!" என்று அம்மாக்கள் முத்தம் கொடுத்தார்கள், அப்பாக்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள், பரீட்சையில் ஒரு மார்க் வாங்கி இப்படி ஒரு பாராட்டு வாங்கியிராத பிள்ளைகள் சிரித்தன, பிறகு கையில் இருப்பதைப் பார்த்தன, மறுபடி சிரித்தன, ஒன்றிரண்டு என்னைப் பார்த்தன. நான் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேசுவே, நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தானா என்று இருந்தது.

கடைசியாக வந்தது தாய் விரால். முழங்கை நீளம், பீரோவுக்கு அடியில் செக்கச்செவேலென்று குஞ்சுகளை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அந்த இடத்தைவிட்டு அசையாமல் காவல் இருந்தது. அது குஞ்சுகளை விட்டுவிட்டு மிதுனாவின் கைக்கு வந்தது.

"புடிடி!" என்றாள் பஞ்சவர்ணம்.

ஒரு சொல்லை இரண்டாம் தடவை சொல்ல வைக்காத பிள்ளை. பிடித்துவிட்டாள், ரெண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கியும்விட்டாள், அதற்குப் பிறகுதான் முகம் மாறியது.

"டீச்சர்," என்றாள், "விட்டுரவா?"

அறை முழுக்கச் சத்தம் நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஊரே அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தது.

"கூறு கெட்டவளே, குடுடி இங்க" என்று பஞ்சவர்ணம் கையை நீட்டினாள்.

"கேக்கக் கூடாது பஞ்சவர்ணம்" என்றார் மேஜைமேல் நின்ற அம்பலம். பிறகு பிள்ளையைப் பார்த்து மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, "அது ஒன்னோடதுதான் ஆத்தா. யாரும் கேக்க மாட்டாக. ஆனா விட்டுறாத. மழை போயிரும் தாயி. விட்டுறாத" என்றார்.

மூன்று வருஷத்து மழையையும் கொண்டுபோய் ஒரு பத்து வயசுப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. விரால் வாலை அடித்தது, அவள் இறுக்கினாள். பீரோவுக்கு அடியில் செவப்பாக அந்தக் குஞ்சுக் கூட்டம் கலைந்து கலைந்து கூடியது. விட்டாலும் அவள் காலத்துக்கும் அதைச் சுமப்பாள், விடாவிட்டாலும் சுமப்பாள்.

"அத எங்கிட்டக் குடு" என்றேன்.

"கொழம்புக்கா டீச்சர்?"

"குடுடி."

ஊர் பெருமூச்சு விட்டுச் சிரித்தது. வெளியூர் டீச்சருக்கு முறை ஏது, அவங்களுக்கும் மீன் ஆசை பாரு என்று யாரோ கேலி பண்ணினார்கள். மிதுனா கொடுத்தாள், சொன்னதைச் செய்கிற பிள்ளை, ஆனால் கொடுக்கிறபோது என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. நான் அதை வாங்கிக்கொண்டு, குனிய முட்டி விடாததால் அப்படியே தொம்மென்று நிலைப்படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் ரெண்டு கையையும் விட்டு, விட்டுவிட்டேன். விரால் நேராகப் பீரோவுக்கு அடியில் போய் நின்றது.

"நான்தான் விட்டேன்," என்று சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவ குடுத்துட்டா. நான் விட்டேன்."

இதைத் தியாகம் கியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கால் வலித்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, அந்தப் பிள்ளை அப்படி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது, வழிப்போக்கனுக்குக்கூட ஒரு கிண்ணம் கொடுத்தார்கள், இளவழகன் சாருக்கு ஒரு தூக்குவாளி வந்தது, எனக்கு வரவில்லை.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடலாம். சித்திரையில் வழக்கமாக வருகிற கோடைமழை வரவில்லை. வைகாசியில் ஒருநாள் கருத்தது, இடித்தது, நாய்கள் ஓடின, பெண்கள் வடகத்தை அள்ளினார்கள், நான் கண்மாய்க் கரையில் பாதி தூரம் வருவதற்குள் வெளுத்துவிட்டது. பஸ்ஸை விட்டு நான் இறங்கினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார்கள், ஒரு தடவை என்னைப் பார்ப்பார்கள். மத்தியானம் வராண்டாவுக்கு வருகிற பெண்கள் வருவதை நிறுத்தவில்லை, குளுமை அவர்களுக்கு வேண்டும், ஆனால் நான் இருக்கிறேன் என்று தெரிந்தேதான், "யாரு வாய்ல மண்ணு விழுந்துச்சோ" என்று பேசுவார்கள். பஞ்சவர்ணம் என்னோடு பேச்சை விட்டாள். ஒரு கிழவர் மண்வெட்டியோடு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று, என்னைத் திட்ட வாயெடுத்து, கண்ணில் தண்ணீர் வந்து, திட்டாமலே போனார். அவர் திட்டியிருக்கலாம். அந்த விராலை மட்டும் யாரும் தொடவில்லை, விட்ட மீனைத் தொடக் கூடாதாம், அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து செவப்பு மாறி, அறை முழுக்கத் திரிந்தன.

ஆனி மாதம் கலந்தாய்வு. இந்தத் தடவை எனக்கு முன்னால் இருந்தவரெல்லாம் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள், என் தெருமுனைப் பள்ளிக்கூடம் காலியாக இருந்தது, வரிசையில் முதல் பெயர் என் பெயர். வீட்டுக்காரர் வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிற மேஜை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டார், இனி மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான் என்று.

போவதற்கு முந்தின வாரம் பஸ் நிறுத்தத்தில் அம்பலம் பக்கத்தில் வந்து நின்றார். கோபமில்லாமல்தான் கேட்டார், "மாத்தலாகிப் போறீகளாமே டீச்சர்?"

"ஆமாங்கய்யா. முடியல."

"போயிட்டு வாங்க. நல்லா இருங்க." வெறும் கண்மாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப ஒங்களச் சொல்றாங்ய. நீங்க போயிட்டா ஊருக்கு யாரையாவது சொல்லணும்ல. அந்தப் பஞ்சவர்ணம் மக, அதுதான மொத மொத விட்டுரவானு கேட்டுச்சுனு இப்பவே ஒண்ணு ரெண்டு பேரு ஆரம்பிச்சுட்டாங்ய. நான் இருக்குற வரைக்கும் அடக்குவேன். அதுக்கு மேல எங்கையில என்ன இருக்கு?"

பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன், டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் வசவு வாங்கினேன்.

கலந்தாய்வில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், இந்த வருஷம் வேண்டாம் என்றேன். நாற்காலியில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா மேடம்? போனா வராது" என்றார். யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வாங்கியிருப்பேன் என்றேன். எனக்கு அடுத்து நின்ற பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவளுக்கும் அதே தெருவாம். வீட்டுக்காரர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை, மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து என் சாப்பாட்டை டப்பாவில் கட்டி வைத்திருந்தார்.

மிதுனா இப்போது பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் சைக்கிளில் நேராக இங்கேதான் வருவாள், நிலைப்படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு, தாய் விரால் வந்து கையைத் தொட்டுவிட்டுப் போகும்வரை இருப்பாள். ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், நான் பூட்டுச் சாவியோடு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நின்றுகொண்டிருந்தேன், அவள் திரும்பாமலே கேட்டாள்.

"டீச்சர், ஒங்க ஊருப் பள்ளிக்கூடத்த விட்டுட்டீங்களாமே. அம்மா சொன்னுச்சு."

"ஒங்கம்மா எம்பேச்சு பேசுறாளா? பரவால்லயே."

"என்னாலயா டீச்சர்?"

"அடி போடி. எனக்கு பஸ்ஸுல வாரது பழகிப்போச்சு."

பொய்யைப் பொய் என்று கண்டுபிடிக்கிற வயசு அவளுக்கு வந்துவிட்டது. வெளியே வானம் வெள்ளைவெளேரென்று கிடந்தது, ஒரு பஞ்சு மேகம் இல்லை.

"எம்புட்டு நாளைக்கு டீச்சர் இங்கயே இருப்பீங்க?"

"மழை பேயிற வரைக்கும். பேஞ்சா கண்மாய் நெறையும், இதுகளக் கொண்டுபோயி விடுவோம், அப்புறம் யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானும் போயிருவேன்."

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, முதல் தடவையாக யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானாகச் சொன்னாள்.

"அப்ப மழை பேய வேணாம் டீச்சர்."

நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். முட்டிவலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் உதடு என் உள்ளங்கையில் துடித்தது, நான் கையை எடுக்காமல் அவளை இழுத்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று தெருவைப் பார்த்தேன்.